பனிச்சறுக்குப் பலகை கழன்றுகொண்டே இருக்கிறதா? திருகைத் தொடும் முன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் புது பூட்ஸ் வாங்கினேன். கால் அளவு பழையதேதான். பூட்ஸைப் பலகையோடு பூட்டிவைக்கும் பைண்டிங்கில் வைத்து மிதித்ததும் 'டக்' என்று விழுந்தது. வேறென்ன பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். மூன்றாவது சரிவில், திருப்பத்தின் நடுவே, வலது பலகை தன் வழியே போய்விட்டது. ஸ்குரூடிரைவரை எடுத்து, எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதைக் குறிக்கும் டின் எண்ணை 6.5-லிருந்து 8-க்கு ஏற்றினேன். அன்று மாலைவரை கழலவில்லை. மறுநாள் கழன்றது, முன்னைவிட அதிக வேகத்தில்.

கோளாறு எண்ணில் இல்லை. பழைய பூட்ஸின் அடிநீளம் 315 மில்லிமீட்டர், புதியது 311. கால் அளவு ஒன்றாக இருந்தாலும் அடிநீளம் மாடலுக்கு மாடல் மாறும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை. அந்த நான்கு மில்லிமீட்டர் இடைவெளியால் பின்பிடி பூட்ஸை முன்னோக்கித் தள்ளாமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. நான் செய்ததெல்லாம், கழல வேண்டிய நேரத்தில் கழலாத ஒரு பைண்டிங்கை உருவாக்கியதுதான்.

அதனால் இங்கே டின் எண்ணைக் கடைசியில்தான் தொடப் போகிறோம். அறிகுறி எது, அது எந்தப் பனியில் வருகிறது, நீங்கள் எப்படிச் சறுக்குபவர் என்ற வரிசையில் போனால், இருக்கும் பைண்டிங்கைத் திருத்தினால் போதுமா, வேறு வகை வாங்க வேண்டுமா என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை

பூட்ஸின் வெளி ஓட்டில், குதிகால் பக்கத்தில், மில்லிமீட்டரில் ஒரு மூன்றிலக்க எண் பொறித்திருக்கும். அதுதான் அடிநீளம். குறித்துக்கொள்ளுங்கள்.

அடிப்பகுதியைத் துணியால் துடைத்து, பூட்ஸைப் பைண்டிங்கில் பூட்டுங்கள். இப்போது பின்பிடியின் பின்புறம் பாருங்கள். சில மாடல்களில் ஒரு திருகின் தலை உறையின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். சிலவற்றில் ஒரு சிறு நாக்கு இரண்டு கோடுகளுக்கு நடுவில் வர வேண்டும். உங்கள் மாடலுக்கு எது என்பது கையேட்டில் இருக்கும். முன்தள்ளு அழுத்தத்தைக் காட்டும் குறி இது. பூட்ஸ் இல்லாமல் இதைப் பார்ப்பதில் பயனில்லை. அழுத்தத்தைச் சரிசெய்தால், ஒவ்வொரு முறையும் பூட்ஸைக் கழற்றி மறுபடி பூட்டிய பிறகே குறியைப் படிக்க வேண்டும்.

அடுத்து, இரண்டு பலகையிலும் முன்பிடி, பின்பிடி என்று மொத்தம் நான்கு எண் சாளரங்கள். நான்கையும் நேராக மேலிருந்து படியுங்கள். சாய்வாகப் பார்த்தால் அரை எண் தவறும். வாடகைப் பலகைகளில் நான்கில் ஒன்று மட்டும் மாறியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. பைண்டிங் திருகின் தலை சாதாரண நட்சத்திரத் தலை போலவே தோன்றும். பெரும்பாலும் அது போசிட்ரைவ் 3 வகை. சிலுவைக் கோடுகளுக்கு இடையே மெல்லிய நான்கு கீறல்கள் தெரிந்தால் அதுவேதான். சாதாரண நட்சத்திர முனையைச் செலுத்தினால் வழுக்கி வழுக்கித் தலையை மென்றுவிடும். பிறகு அந்தத் திருகை யாராலும் அசைக்க முடியாது.

இறுகிய பனியில், பெரிய விசை ஏதுமின்றிக் கழல்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். முதலில் எந்தப் பிடி விட்டது என்று கண்டுபிடியுங்கள். கழன்ற பலகையை எடுத்ததும் எதையும் தொடாமல் பின்பிடியின் நெம்புகோலைப் பாருங்கள். நெம்புகோல் தாழ்ந்து வாய் திறந்திருந்தால் பின்பிடி விட்டிருக்கிறது. பூட்டிய நிலையிலேயே நெம்புகோல் மேலே நின்றால், பெரும்பாலும் பூட்ஸ் முன்பிடியிலிருந்து பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறியிருக்கிறது. மறுபடி காலை வைக்க அவசரப்பட்டு நெம்புகோலை அழுத்திவிட்டால் சாட்சி போய்விடும்.

பின்பிடி விட்டிருந்தால் என் முதல் சந்தேகம் முன்தள்ளு அழுத்தம். மேடுபள்ளங்களில் பலகை வளையும்போது இரு பிடிகளுக்கும் இடையேயான தூரம் குறைவதும் கூடுவதுமாக இருக்கும். பின்பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதற்கேற்பப் பின்னே போய் முன்னே வந்து பூட்ஸை விடாமல் அணைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் பலகை எதிர்ப்பக்கம் நிமிரும் நொடியில் பிடி தளர்ந்துவிடும். எண்ணை 8 அல்ல, 10-க்கு ஏற்றினாலும் இந்தத் தளர்வு போகாது.

முன்பிடி விட்டிருந்தால் பூட்ஸின் மூக்கைப் பாருங்கள். வாகன நிறுத்தத்தில் கான்கிரீட்டின் மேல் நடந்து நடந்து அடி தேய்ந்திருக்கும். வழக்கமான ஆல்பைன் (சரிவில் இறங்கிச் சறுக்குவதற்கான) பூட்ஸின் மூக்கு 19 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் கூடலாம் குறையலாம். குதிகால் விளிம்புக்கு அந்தக் கணக்கு 30. மூக்கின் முனை உருண்டு வழவழப்பாகிவிட்டால் முன்பிடியின் இரு இறக்கைகளும் எதைப் பிடிக்கும்? பல பூட்ஸில் அடித்துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத மாடலென்றால் பூட்ஸ்தான் மாற வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் கழல்கிறதா? அப்போதுதான் பைண்டிங்கின் வகையைப் பற்றிய கேள்வி வருகிறது. இறுகிய பனியில் வேகமாகப் போகும்போது சிறுசிறு அதிர்வுகள் அடுத்தடுத்து வந்து இடிக்கின்றன. ஒவ்வோர் அதிர்வும் பூட்ஸைச் சற்றே நகர்த்துகிறது. நல்ல பைண்டிங் அந்த நகர்வைப் பொறுத்துக்கொண்டு, அடுத்த அதிர்வு வருவதற்குள் பூட்ஸை நடுவுக்கு இழுத்துவிடும். இந்த மீள்நகர்வு எவ்வளவு நீளம் என்பதுதான் தடத்தில் வேகமாகச் சறுக்குபவர் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. லுக் பிவோட் போன்ற சுழல்தட்டுப் பின்பிடிகளுக்கு விசுவாசிகள் அதிகம் இருப்பது இதனால்தான். அதன் பின்பிடியின் செங்குத்து மீள்நகர்வு 28 மில்லிமீட்டர். ஆனால் அதே பிவோட்டின் சாதாரண வடிவில் பூட்ஸ் மாற்றும்போது அடிநீளத்தைச் சரிசெய்ய இடம் மிகக் குறைவு. இரண்டு பூட்ஸ் வைத்திருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எண் வீச்சு. உங்கள் எண் 6 என்றால் 3 முதல் 10 வரை உள்ளதையோ, 4 முதல் 13 வரை உள்ளதையோ வாங்குங்கள். 6-ல் தொடங்கி 16-ல் முடியும் பந்தய பைண்டிங்கை வாங்கி அடிமட்டத்தில் வைத்துக்கொள்வது வீண் பெருமை. எண் வீச்சின் நடுப்பகுதியில் நிற்பதே நல்லது. அப்போதுதான் பின்னாளில் ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கும்.

விழுந்தேன், கழலவே இல்லை

இங்கே வேடிக்கைப் பேச்சு வேண்டாம். இந்த அறிகுறி ஒருமுறை வந்தாலே அந்தப் பலகையோடு அன்றைய சறுக்கல் முடிந்தது.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹ்யால்மர் ஹ்வாம் 1937-ல் காலை முறித்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தபோதுதான் தானாகக் கழலும் பைண்டிங்கை யோசித்தார். அதற்கு முன் பலகையும் காலும் ஒன்றாகத்தான் முறியும். இன்று நம் கையில் இருப்பது அந்த யோசனையின் வளர்ச்சி. ஆனால் அது காக்கும்படி வடிவமைக்கப்பட்டது முக்கியமாகக் கீழ்க்கால் எலும்பை. பின்னால் உட்கார்ந்தபடி சரிந்து முழங்கால் முறுகும் விழுகையில், எண் சரியாக இருந்தாலும் வழக்கமான பைண்டிங் முழங்கால் ஜவ்வைக் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது.

காரணங்களைத் தேடுவோம். முதலாவது, பூட்ஸும் பைண்டிங்கும் ஒரே தரத்தைச் சேர்ந்தவையா? ஆல்பைன் பூட்ஸின் அடிக்கு ஐஎஸ்ஓ 5355, மலையேற்றப் பூட்ஸுக்கு ஐஎஸ்ஓ 9523, நடப்பதற்கு எளிதான கிரிப்வாக் அடிக்கு ஐஎஸ்ஓ 23223. கிரிப்வாக் அடியில் ரப்பரும் வளைவும் உண்டு. பழைய ஆல்பைன் பைண்டிங்கில் அது 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்வதுதான் ஏமாற்று: விழும்போது ரப்பர் அடி தகட்டின் மேல் வழுக்காமல் உராய்ந்து நின்றுவிடும். பல வகைகளை ஏற்கும் பைண்டிங்குகள் உண்டு. எம்என்சி, சோல்ஐடி என்ற முத்திரைகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு முன்பிடியின் உயரத்தைப் பூட்ஸுக்குத் தக்கபடி நாம் அமைக்க வேண்டும். முத்திரையைப் பார்த்துவிட்டு அந்தத் திருகை மறப்பவர்கள் ஏராளம்.

இரண்டாவது, முன்பிடிக்குக் கீழே இருக்கும் வழுக்குத்தகடு. பூட்ஸ் பக்கவாட்டில் வெளியேற வழி விடுவது இதுதான். விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நகரும் வகையென்றால் தடையின்றிப் போய் மீள வேண்டும். நகராத வகையென்றால் மேற்பரப்பில் கீறலோ பிய்ந்த ஓரமோ இருக்கக் கூடாது. ஒரே ஒரு சிறு கல் அங்கே சிக்கினால் போதும்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய முன்தள்ளு அழுத்தம். பின்பிடி பின்னே நகர இடமில்லாமல் பூட்ஸை நெரித்தால், சாளரத்தில் 6 என்று இருந்தாலும் கழலத் தேவைப்படும் விசை அதைவிடக் கூடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எண். எண்ணைக் கண்டுபிடிக்க உதவும் அட்டவணை கேட்பது எடை, உயரம், வயது, அடிநீளம், சறுக்கும் பாணி. எடையும் உயரமும் வெவ்வேறு வரிசையைக் காட்டினால் குறைந்ததை எடுக்க வேண்டும். 50 வயதைத் தொட்டவர்கள் ஒரு வரிசை குறைக்க வேண்டும். பாணியில் மூன்று வகை: நிதானமாக, மென்சரிவில் போகிறவர் முதல் வகை, வேகமாக, செங்குத்தில் முரட்டுத்தனமாகப் போகிறவர் மூன்றாவது, மற்றவர்கள் நடுவில். இரண்டாம் வகைக்கு ஒரு வரிசையும் மூன்றாம் வகைக்கு இரண்டு வரிசையும் ஏறும். இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஐந்து நாள் சறுக்குகிறவர் தன்னை மூன்றாம் வகை என்று எழுதுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அட்டவணைக்கு வெட்கம் தெரியாது, கேட்ட எண்ணைக் கொடுத்துவிடும். வந்த எண்ணைத் திருப்புவிசைக் கருவியில் வைத்துச் சோதிக்கத் தெரிந்த கடையில் ஆண்டுக்கொருமுறை காட்டுங்கள். ஐஎஸ்ஓ 11088 என்ற நடைமுறையின்படி செய்வார்கள். உங்கள் மாடல் மிகப் பழையது, தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்று தொடவே மறுத்தால் கோபப்படாதீர்கள். பைண்டிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பொடிப்பனியில் மூக்கு புதைகிறது, தொடை எரிகிறது

பலகையின் முனை பனிக்குள் மூழ்குகிறது. அதைத் தூக்க நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள். அரை மணி நேரத்தில் தொடை தீயாய் எரிகிறது. உடல் வலுவைக் குறை சொல்லும் முன் பைண்டிங் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பலகையின் மேல் நடுக்கோட்டுக் குறி ஒன்று இருக்கும், பூட்ஸின் பக்கவாட்டில் இன்னொன்று. தண்டவாளத்தில் நகரும் பைண்டிங் இருப்பவர்களுக்கு இங்கேதான் லாபம்: முன்பிடி, பின்பிடி இரண்டையும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் பின்னே தள்ளிப் பாருங்கள். வேண்டுமென்றால் இன்னொன்று. முனை மேலே மிதக்கும், நீங்கள் நேராக நிற்கலாம். இறுகிய தடத்துக்குத் திரும்பும்போது பழைய இடத்துக்கோ சற்று முன்னேயோ கொண்டுவந்தால் திருப்பத்தில் பலகை சட்டென்று நுழையும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் முன்தள்ளு அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தும் சொல்கிறேன்.

ஒரே பலகையைப் பல பனியில் ஓட்டுபவர்களுக்கும், குடும்பத்தில் இருவர் பகிர்பவர்களுக்கும் இந்தத் தண்டவாள வகைதான் என் பரிந்துரை. எடை சற்றுக் கூடும், கால் பலகையிலிருந்து சற்று உயரும். இதெல்லாம் பந்தயக்காரரின் கவலை.

இடம் சரியாக இருந்தும் தொடை எரிகிறதென்றால் பைண்டிங்கின் சரிவைச் சந்தேகியுங்கள்: குதிகால் விரலைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? ஊசிப் பைண்டிங்குகள் (பூட்ஸின் மூக்கை இரண்டு ஊசிகளால் பிடிப்பவை) சிலவற்றில் இந்த வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். முன்பிடிக்கு அடியில் வைக்கும் தகடுகள் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன.

பொடிப்பனியில் விழுந்தால் பலகை ஆழத்தில் மறைந்துவிடும் என்பது வேறு தொல்லை. அதற்குப் பயந்து எண்ணை ஏற்றாதீர்கள். அங்கே விழுகைகள் மெதுவானவை, முறுகலானவை, கழலத்தான் வேண்டும். பின்பிடியில் ஒரு நீண்ட வண்ண நாடாவைக் கட்டி, காற்சட்டையின் மடிப்புக்குள் செருகிவிடுங்கள்.

மிதித்தாலும் பூட்டிக்கொள்ளவில்லை

பத்தில் ஒன்பது முறை பூட்ஸுக்கு அடியில் பனி. காலைத் தரையில் உதைப்பதால் அது இன்னும் இறுகும். மற்றக் காலில் நின்று, ஊன்றுகோலின் தண்டில் அடிப்பகுதியை விரலிலிருந்து குதிகால்வரை தேய்த்து இழுங்கள். பிறகு பைண்டிங்கின் மேலிருக்கும் பனியையும் தட்டிவிடுங்கள். அரைகுறையாகச் சுத்தம் செய்து முரட்டுத்தனமாக மிதித்துப் பூட்டினால் பூட்ஸ் சற்று மேலே தூக்கி நிற்கும். முதல் திருப்பத்தில் கழன்று முதல் அறிகுறிக்கே திரும்புவீர்கள்.

ஊசி வகை பைண்டிங் தனிக்கதை. ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980-களில் உருவாக்கிய இந்த வடிவத்தில் பூட்ஸின் மூக்கில் இருபுறமும் உள்ள குழிகளில் இரண்டு ஊசிகள் நுழைகின்றன. முன்பிடியின் இறக்கைகளுக்கு அடியில் பனிக்கட்டி உறைந்தால் அவை முழுதாக மூடாது. மூடியது போலத் தோன்றும். கத்திமுனையாலோ குச்சியாலோ அந்த இடுக்கைச் சுரண்டுங்கள், பூட்ஸின் குழிகளையும். பிறகு முன்பிடியை மட்டும் பூட்டிக் காலை முன்னும் பின்னும் சிலமுறை ஆட்டுங்கள். குழிக்குள் மிச்சமிருப்பது வெளியே வந்துவிடும்.

இதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏறும்போது முன்பிடியைப் பூட்டும் நெம்புகோலை இறங்கும்போது திறக்க மறந்தால், எண் எதுவாக இருந்தாலும் பக்கவாட்டில் பூட்ஸ் விடுபடுவது ஏறக்குறைய நடக்காது. பனிச்சரிவு வந்தால் பலகைகள் நங்கூரமாக உங்களைக் கீழே இழுக்கும். விழவே கூடாத செங்குத்தில் தெரிந்தே பூட்டிக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. அது அவர்கள் கணக்கு. மறதியால் பூட்டியிருப்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. ஏற்றத்தைவிடத் தடத்தில் சறுக்குவதே அதிகம் என்பவருக்கு ஷிஃப்ட் போன்ற கலப்பு வகை பொருந்தும்: ஏறும்போது ஊசி, இறங்கும்போது ஆல்பைன் பிடி.

கால் ஆடுகிறது

பூட்ஸைப் பூட்டிப் பலகையைத் தரையில் அழுத்திக்கொண்டு பூட்ஸின் மேல்பகுதியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பூட்ஸ் முன்பிடிக்குள் மேலும் கீழும் அசைந்தால் உயரம் சரியில்லை. உயரம் அமைக்கும் வகையென்றால் ஒரு தாளை வழுக்குத்தகட்டுக்கும் அடிக்கும் நடுவே செருகி இழுங்கள்: சற்றே பிடித்துக்கொண்டு கிழியாமல் வர வேண்டும். எவ்வளவு இடைவெளி என்பதை அந்த மாடலின் கையேடுதான் முடிவு செய்யும்.

பைண்டிங்கே பலகையின் மேல் அசைந்தால் திருகுகள் தளர்ந்திருக்கின்றன. இறுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே போனால் துளைக்குள் மரம் நைந்துவிட்டது, தண்ணீரும் இறங்கியிருக்கும். கடைக்கு எடுத்துப் போங்கள். வீட்டிலேயே புதுத் துளை போட ஆசைப்படாதீர்கள். உலோக அடுக்குள்ள பலகைக்கு 4.1 மில்லிமீட்டர், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 3.5, ஆழம் 9 என்று கணக்கு இருக்கிறது. ஆழம் தவறினால் துரப்பணம் அடிப்பக்கம் எட்டிப் பார்க்கும்.

பிரேக் உரசுகிறது

கழன்ற பலகை ஓடிவிடாமல் பனியில் ஊன்றி நிறுத்தும் பிரேக்கின் அகலம் பலகையின் இடுப்பகலத்துக்குச் சமமாகவோ, சுமார் 15 மில்லிமீட்டர் வரை கூடவோ இருக்கலாம். குறைந்தால் பிரேக்கின் கை கீழே இறங்காது. மிகக் கூடினால் பலகையைச் சாய்க்கும்போது பனியில் இடறும். அவ்வளவுதான்.

ஈரப்பனியில் முன்னே தூக்கி எறிகிறது

நண்பகல் வெயிலில் இளகிய பனி பலகையைத் திடீரென்று பிடித்து நிறுத்தும், உடல் முன்னே போகும், பின்பிடி விடும். இதில் பைண்டிங் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பலகையின் அடியில் பூசும் மெழுகை மாற்றுங்கள்.

எதை மாற்றினாலும்

வீட்டில் தரைவிரிப்பின் மேல் ஒரு பலகையை மட்டும் மாட்டிக்கொண்டு, உள்விளிம்பை ஊன்றி, பூட்ஸின் மூக்கை மெதுவாகப் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். முயன்றால் வெளியே வர வேண்டும், வலிக்கக் கூடாது. வலித்தால் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள். இது கருவிச் சோதனைக்கு மாற்று ஆகாது. கருவி பார்த்ததற்குப் பிறகு ஏதும் மாறிவிட்டதா என்று காட்டும்.

கோடையில் எண்ணை இறக்கி வைக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. தேவையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இறக்குவதாக இருந்தால் பழைய எண்ணையும் பூட்ஸின் அடிநீளத்தையும் ஒரு காகித நாடாவில் எழுதி பின்பிடியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். எண்ணெய்த் தெளிப்பான்களைப் பைண்டிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். கார் கூரையில் ஏற்றிப் போகும்போது சாலை உப்பு படாமல் ஓர் உறை போட்டுவிட்டால் போதும்.